கிலுக்கைக் கட்டிவைத்த சனிக்கிழமை

ஹாலோஸே குன்றில் எங்கள் ஒயின்கூடம்.
ஆண்டின் நிகழ்ச்சி அட்டையை
நான்தான் தட்டச்சு செய்கிறேன்,
ஆகவே பழியும் என்னுடையது.

மார்ச்: கவாத்து வகுப்பு. சூப் உண்டு.
மே: புல்சரிவில் காட்டு ஆர்க்கிட் தேடி நடை,
மழை வந்தாலும்.
ஜூலைக் கடைசி: கிலுக்கு ஏற்றும் விழா.
செப்டம்பர் மூன்றாம் சனி: பறவை பார்க்கும் காலை.
வழிகாட்டி யெர்னேயா. தலைக்குப் பன்னிரண்டு யூரோ,
ஒரு கோப்பை ஷிபோன் சேர்த்து.

கிலுக்கு என்றால்
குழந்தையின் கைக்கு அடங்குவதல்ல.
நான்கு ஆள் உயரக் கம்பம்,
செர்ரிப் பலகை, பீச் மரச் சுத்திகள்.
காற்று வந்தால் சுழலும்,
சுழன்றால் அறையும்
டக்கட டக்கட டக்கட
மூன்று குன்றுக்குக் கேட்க.
மரத்துக்கு வாய் முளைத்துப் பாடும் ஆலோலம்.
வராதே என்பதைத் தவிர
பறவையிடம் அதற்குப் பேச்சில்லை.

அதன் காலடியில்தான்
பறவை பார்க்க இருபத்துமூன்று பேர்.
மரிபோரிலிருந்து நான்கு பல் மருத்துவர்கள்,
கிராட்ஸிலிருந்து ஒரு தம்பதி,
தன் கையைவிட நீளமான லென்ஸோடு
ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர்.

யெர்னேயா செவி சாய்த்தாள்.
"வோய்கோ, இதைக் கொஞ்சம் நிறுத்தேன்.
இரண்டு மணி நேரம்."
என் தம்பி அவளைப் பார்த்தான்,
பழத்தைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
இருநூற்று எழுபத்தாறு யூரோ என்றேன்,
மெதுவாக.

ஏணி போட்டு ஏறி
தன் ஏப்ரன் நாடாவை உருவி
இறக்கையைக் கம்பத்தோடு கட்டினான்.

நின்ற பிறகுதான் தெரிந்தது
ஜூலையிலிருந்து நாங்கள் எல்லோருமே
கத்திப் பேசிக்கொண்டிருந்தோம் என்று.
பள்ளத்து ஓடை கேட்டது.
கிராட்ஸ் தம்பதியின் சண்டை கேட்டது:
அடுப்பை அணைத்தது யார், அணைக்காதது யார்.
ஜெர்மன் எங்களுக்குப் புரியாதென்று நினைத்தார்கள்.
தெற்கே போகப் பிந்திவிட்ட ஒரு கொண்டலாத்தி
கொண்டையை விரித்து மடித்து
அதையும் கேட்டது.

எட்டரைக்குக்
குரோவேஷியா பக்கத்து வானில் ஒரு கறை.
சூறைக்குருவி. பெயரிலேயே கொள்ளை.
உதறிய படுக்கை விரிப்பாய்
மடிந்தது, புடைத்தது, சரிந்தது,
தலைக்குமேல் ஒரே மூச்சாய் இரைந்து
மூன்றாம் வரிசையிலிருந்து ஒன்பதுவரை
கொடிகளில் இறங்கியது.

யெர்னேயா எண்ணினாள், நூறு நூறாக.
வோய்கோ எண்ணினான், கிலோ கிலோவாக.
இரண்டு உதடும் ஒரே வேகத்தில் அசைந்தன.
"நாலாயிரம்" என்றாள், கண் கலங்க.
"நூற்றிருபது" என்றான் அவனும்,
கண் கலங்க.

ஏணியில் ஓடி ஏறினான்.
ரயில் கார்டு லென்ஸைத் தாழ்த்திவிட்டு
வாய் பிளந்து நின்றார்.
வோய்கோ உச்சியில், நாடா முனை கையில்,
வானத்துக்குப் பாதி, கொடிக்குப் பாதியாக
நின்றான்
நின்றான்
ஏழு நிமிடம். கல்லாவின் கடிகாரத்தில் பார்த்தேன்.

முடிச்சு அவிழவில்லை என்றான் பிறகு.
அந்த முடிச்சை நான் அறிவேன்.
ஐந்து வயதில் நான் கட்டக் கற்றுத் தந்தது,
ஒரு முனையை இழுத்தால் போதும்.

டக்கட.
விரிப்பு மறுபடி உதறப்பட்டு
பள்ளம் தாண்டிப் போயிற்று.
மறுநாள் ஷ்தெஃப்கா வேலியோரம் வந்து
"விருந்தாளிகளை என் தோட்டத்துக்கு அனுப்பினீர்களாமே,
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள்.

நவம்பரில், மார்ட்டின் திருநாளுக்கு
சாறு ஒயினென்று பெயர் பெற்றது,
கிலுக்கு இறங்கிக் கொட்டகையில் படுத்தது.
கணக்கை முடிக்க உட்கார்ந்தேன்.
நூற்றிருபது கிலோ:
நஷ்டம் என்று எழுதவா, விளம்பரம் என்றா?
கட்டத்தைக் காலியாக விட்டேன்.
காலையில் அதில் பென்சிலால்
வோய்கோவின் கோணல் எழுத்து:
கூலி, 4000 பேருக்கு.

புது அட்டை தயார்.
செப்டம்பர் மூன்றாம் சனி.
தலைக்குப் பதினைந்து.