ஏழு எண்ணும் வரை

மே பிறந்தும்
ஏரியில் பனிக்கட்டி மிதந்த ராத்திரி.
டூலூத் நகரின் ஒற்றைத்திரை அரங்கு வாசலில்
முந்நூறு பேர்.
கையில் அணைந்த லாந்தர்,
கன்னத்தில் கரி.
நான் டிக்கெட் கிழிப்பவன்.
முதலில் நீண்டது லோவலின் டிக்கெட்.

குளிர்காலமெல்லாம் பனிவாரும் வண்டி ஓட்டுகிறவன்,
பதினோரு வயதில் பார்த்த படத்துக்கு
நாற்பத்தொன்றில் வரிசையில் நின்றான்.

லாந்தர் படங்கள் மூன்று.
ஊர் ஊராக விளக்கணைத்து வருவாள் ஓர் அரசி.
ஏன் அணைக்கிறாள்?
மூன்றும் சொல்லவில்லை.
அந்தச் சொல்லாமையில்தான்
நாங்கள் ஆளுக்கொரு பாய் விரித்துப் படுத்திருந்தோம்.

இப்போது வந்தது முன்கதை.
அரசியாகுமுன் அவள்
தெருவிளக்கு ஏற்றித் திரிந்த சிறுமியாம்.
மகள் நரைத்த பிறகு
தாய் பிறந்த மாதிரி ஒரு படம்.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது.
யாரும் பேசவில்லை.
பிறகு எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள்.
"அணை கட்டலாமா வேண்டாமா என்று
நாற்பது நிமிஷம் வாதம்!"
"அரசிக்கு மூக்கொழுகுது!"
"என் பால்யத்தைக் கொன்னுட்டாங்க" என்றான் கோர்டி,
பாப்கார்னை மென்றபடி.
கொலையுண்டவனுக்கு
நல்ல பசி.

லோவல் மறுநாளும் வந்தான்,
திட்டுவதற்குக் குறிப்பெடுக்க.
அதற்கடுத்த வாரமும்.
பிடிக்காத படத்தை ஏழு முறை பார்த்தான்.
பல் மருத்துவரிடம்
ஒருமுறைகூட ஒழுங்காகப் போகாதவன்.

பழைய படங்களின் சுருளை
அந்தக் காலத்தில் ஓட்டியவனும் நான்தான்.
எனக்குத் தெரியும்:
முதல் படத்தில் வௌவால் படை பறக்கையில்
கம்பி பளபளக்கும்.
இரண்டாவதில் ஈட்டி பிடித்த சிப்பாய்
கைக்கடிகாரம் கட்டியிருப்பான்.
மூன்றாவதில் ஓர் ஆடு
தத்துவம் பேசும், நிறுத்தாமல்.
எல்லாம் தெரிந்துதான் இருந்தது.
பார்க்காமலிருக்கப் பழகியிருந்தோம்.
மாமியார் உடைத்தால் மண்குடம்,
மருமகள் உடைத்தால்
பொன்குடம்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, பழைய படத்தை மறுபடி போட்டோம்.
லோவல் மகளைக் கூட்டிவந்தான்.
சிக்னே, வயது ஒன்பது,
முன்கதையை மட்டும் பார்த்தவள்,
பார்த்துப் பிடித்தும்போனவள்.
"இதுதான் அசல். கவனி" என்றான்,
கோயிலில் செருப்பைக் கழற்றச் சொல்கிற குரலில்.

ரப்பர் வௌவாலுக்கு அவள் சிரித்தாள்.
லோவலின் காது சிவந்தது.
பாதியில் கொட்டாவி விட்டாள்.
அதையும் பொறுத்தான், பாவம்.

பிறகு அந்தக் காட்சி.
ஊரின் கடைசி விளக்கின் முன்
அரசி நிற்கிறாள்.
ஊதுமுன் ஒரு தயக்கம்.
நடிகைக்கு வசனம் மறந்ததோ,
காமிராக்காரன் 'கட்' சொல்லத் தவறினானோ.
முப்பது வருஷமாக அதற்கு
கொடூரம் என்று பெயர் வைத்திருந்தோம் நாங்கள்.

இருட்டில் சின்னக் குரல்:
ஒண்ணு, ரெண்டு, மூணு...

புதுப்படத்தில் அந்தச் சிறுமி
கை நடுங்காமலிருக்க
ஏழு எண்ணித்தான் திரியைத் தொடுவாள்.

...ஆறு, ஏழு.
அரசி ஊதினாள்.
திரை கறுத்தது.
"அப்பா, அவளுக்கு இன்னும் ஞாபகமிருக்கு."

லோவல் தொப்பியைக் கழற்றினான்.
என்ன செய்வதென்று தெரியாமல்
மறுபடி போட்டுக்கொண்டான்.

வண்டி நிறுத்துமிடத்தில் என்னிடம் சொன்னான்:
"அந்த அணை வாதம் இப்பவும் மட்டம்தான்."
மட்டம்தான்.
அதில் எனக்கும் மறுப்பில்லை.

செவ்வாய் இரவு
புதுப்படத்தின் கடைசிக் காட்சி.
அரங்கில் மொத்தம் நான்கு பேர்.
எட்டாவது முறையாக வந்தான்.
"திட்டத்தானே?" என்றேன்.
"பின்னே?"

கையில் லாந்தர் இல்லை.
மிட்டாய்ப் பொட்டலம் இரண்டு.
பின்னால் சிக்னே,
அவிழ்ந்த ஷூ நாடாவை இழுத்துக்கொண்டு,
"சீக்கிரம்ப்பா, ஆரம்பிச்சிடும்."