கறுப்புக் குழாயில் கடைசி இரண்டு

ஆனேக்கல் தாண்டி, கெம்பனதொட்டி விலக்கில்
ஜேசிபி ஒரே கடியில்
தொண்ணூற்றாறு இழைகளை அறுத்துப் போட்டது.
இரவு பதினொன்றேகாலுக்கு எனக்கு போன்.
பொம்மசந்திராவில் ஒரு பெரிய கட்டடம்
மூச்சுமுட்டிக் கிடக்கிறதாம்,
நிமிஷத்துக்கு இத்தனை லட்சம் நஷ்டமென்று
மேனேஜர் கணக்குச் சொன்னார்.
என் கணக்கு, இழைக்கு நாற்பது ரூபாய்.
டீ என் செலவு.

தங்கவயல்காரனுக்குக் குழி புதிதல்ல.
தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தேன்.
நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல்,
எல்லாம் முடியளவு கண்ணாடி.
ஸ்பிரிட்டில் துடைத்து, நறுக்கென வெட்டி,
முனையோடு முனை வைத்தால்
மெஷினுக்குள் ஒரு குட்டி மின்னல்.
ஒட்டியதா என்று கண்ணுக்குத் தெரியாது.
திரைதான் சொல்லும்:
இழப்பு, புள்ளி பூஜ்யம் இரண்டு.
தும்மக் கூடாது.
லாரி போனால் கை நிறுத்த வேண்டும்.

நாலு மணிக்கு டார்ச்சோடு ஒரு பெண்.
நாகவேணி, ரேஷன் கடை நடத்துகிறவர்.
குழி விளிம்பில் குந்தி,
கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடித்தார்:
"இதுல எங்களுது எது?"

கறுப்புக் குழாயைக் காட்டினேன்.
அதில் கடைசி இரண்டு, ரோஸும் வெளிர்நீலமும்,
பஞ்சாயத்துக்கு ஒதுக்கியது.
ஒதுக்கியது என்றால்
ஆறு வருஷமாக ஒதுக்கியே வைத்தது.

அவர் சிரிக்கவில்லை.
மாதத்தின் முதல் வாரம்
கைரேகை மெஷினை இடுப்பில் கட்டிக்கொண்டு
தண்ணீர்த்தொட்டி மேல் ஏறுவாராம்.
ஊரே பின்னால் ஏறுமாம்.
விரலை வைத்தால் வட்டம் சுற்றும்,
சுற்றும்,
வெயில் ஏறும்,
"மீண்டும் முயற்சிக்கவும்".
அரிசி கீழே இருக்கிறது, அனுமதி மேலே.
போன மாதம் முப்பத்தொரு கார்டு
வெறும் பையோடு இறங்கிப் போனது.
முழங்கால் வராதவர்களைப் பற்றி
அவர் எதுவும் சொல்லவில்லை,
டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டார்.

"எங்க நிலத்துக்கு அடியிலதானே போகுது?"

வேலைச்சீட்டில் தொண்ணூற்றுநான்கு.
அதை முடித்தபோது கேழ்வரகுக் கொல்லையில்
காக்கை கத்த ஆரம்பித்திருந்தது.
ஊர்ப்பக்கத்து ரோஸ் இழையின் முனையில்
சிவப்பு லேசர் பேனாவைச் செருகிவிட்டு
அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன்.

பஞ்சாயத்து ஆபீஸ். இரும்புப் பெட்டி.
சாவி ஆபரேட்டரிடம்,
ஆபரேட்டர் தர்மஸ்தலாவில்.
நாகவேணி கொண்டை ஊசியை எடுத்தார்.
உள்ளே பேட்டரி இருந்த இடத்தில்
எறும்புப் புற்று, இரண்டு பல்லி முட்டை,
"திறப்பு விழா" என்றொரு ரிப்பன் துண்டு.
ஓரத்தில் சுருண்டு கிடந்த மஞ்சள் வயர்.
அதன் தூசி மூடியைக் கழற்றினேன்.

நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி.
ரெண்டரை கிலோமீட்டர்,
வாய்க்கால், மாட்டுத்தொழுவம், மாரியம்மன் மேடை,
எதிலும் ஒடியாமல் வந்து
கடுகளவு நின்றது.

"வந்துடுச்சா?"
இல்லையம்மா, இது என் பேனா.
வழி நல்லாத்தான் இருக்கு,
அந்தப் பக்கம் யாராவது விளக்கு போடணும்.
"யாரு போடணும்?"
மூன்று அலுவலகங்களின் பெயரைச் சொன்னேன்.
பாதியில் எனக்கே வாய் சலித்தது.

கண்ணால உத்துப் பாக்காதீங்க என்றேன்.
அவர் பார்க்கவில்லை.
பழக்க தோஷம்,
கட்டைவிரலைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தார்.
நகத்தின் உள்ளே வரை சிவந்தது.
வட்டம் எதுவும் சுற்றவில்லை.

திரும்பி வந்து அந்த இரண்டையும் ஒட்டினேன்.
எண்பது ரூபாய், யாருக்கும் பில் போடாமல்.
மீட்டர் வைத்துப் பார்த்தேன். இருட்டு.

மேனேஜர் கூப்பிட்டார்:
"எல்லாம் பச்சை காட்டுது, சூப்பர்."
கறுப்புக் குழாய் பற்றிச் சொன்னேன்.
லைன் விட்டு விட்டுக் கேட்டது.
தண்ணீர்த்தொட்டியை நோக்கி நடந்தேன்,
இன்னொரு முறை சொல்ல.