உயிர்வாழ் சான்று

தக்கலை சார் கருவூலத்தில்
மூன்றாவது மேஜை என்னுடையது.
ஜூலை முழுக்க வருவார்கள்,
இன்னும் சாகவில்லை என்று சொல்லிவிட்டுப் போக.

டோக்கன் நாற்பத்தொன்று.
கலைஞர் உதவித்தொகை.
தா. கிறேஸ்லெட் பாய், அருமனை, வயது அறுபத்து மூன்று.
நான் நிமிரவில்லை.
"எனக்க பேரு சரியாட்டு இருக்கா மக்களே?"
கேட்டறியாத குரல்.
நிமிர்ந்தால்
தெரிந்த முகம்.

அந்த முகத்தை எத்தனை ராத்திரி சபித்திருக்கிறேன்,
மரச்சீனிக் கிழங்கில் சாளைக்கறியை ஊற்றிப் பிசைந்தபடி!
மருமகளின் பாலில் எதையோ கலந்தவள்.
பிறகு திருந்தி
மாடிப்படியில் உருண்டு செத்தாள், ஒரு வெள்ளிக்கிழமை.
அப்புறம் இரண்டு வருஷம்
சந்தனமாலையோடு சுவரில் இருந்தாள்.
"படத்துக்குச் சம்பளம் கெடையாது கேட்டியா,
மாலைக்குத்தான் பில்லு."

பால்வெட்டு தாசையனின் மூத்த மகள்.
குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில்
பதினேழு வயதில் மேடையேறியவளைத்
திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் கூட்டிப்போனார்.
அங்கே சொன்னார்கள்: மலையாளத்தில் தமிழ் வாடை.
சென்னையில் சொன்னார்கள்: தமிழில் மலையாள வாடை.
இரண்டு ஊரிலும்
வேறு யாரோ அவளுக்காகப் பேசினார்கள்.
நாற்பத்தாறு படம், ஒன்பது தொடர்,
அத்தனை காலமும் குரல் மட்டும்
களியக்காவிளை செக்போஸ்டில்
பிடித்துவைத்த அரிசி மூட்டையாய்க் கிடந்தது.
"ஒரே ஒரு படத்தில எனக்க சத்தம் உண்டு.
கூட்டத்தில நிண்ணு 'தீ, தீ'ண்ணு கத்துவேன்.
அத மட்டும் மாத்தாம விட்டாங்க."

கட்டைவிரலை வைக்கச் சொன்னேன்.
சிவப்பு.
துடைத்து வைத்தாள். மறுபடி சிவப்பு.
தம்பி விளையில் இப்போது ஷீட் அடிக்கிறாளாம்,
ஆசிட் தின்றுவிட்டது.
சுவரொட்டியில் அவள் பெயர் ஹேமரேகா.
விரலில் ரேகை இல்லை.

சரி, முகம்.
போனைத் தூக்கினேன்.
நாற்காலியைத் தானே ஜன்னல் பக்கம் திருப்பினாள்,
முந்தானையால் நெற்றியை ஒற்றினாள்,
தாடையை ஒரு விரல்கடை தாழ்த்தினாள்.
வரிசையில் இருமல் நின்றுவிட்டது.
ஓய்வுபெற்ற கணக்கு சார் ஒருவர்
தன் டோக்கனைக் கீழே போட்டார்.

"கண்ணைச் சிமிட்டுங்க அக்கா."
சிமிட்டவில்லை.
பத்து நொடி. இருபது.
நீர் கோத்தது, இமை அசையவில்லை.
"சிமிட்டணும் அக்கா."
"பொணமாட்டுக் கெடந்து பழகிப்போச்சு.
கண்ணு அனங்கினா ஃபிலிம் வேஸ்டுண்ணு ஏசுவாங்க."

பதினோரு தடவை செத்திருக்கிறாள்.
கிணற்றடியில், சிதையில்,
ஒருமுறை முட்டத்துப் பாறைமேல்,
நண்டொன்று கழுத்தில் ஏறி
மறுபக்கம் இறங்கிப் போகும்வரை.

"இமைக்காட்டி
ஆளு இல்லண்ணு எடுத்துக்கிடும்" என்றேன்.
சிரித்துவிட்டாள்.
சிரிப்பில் இமைத்தாள்.
பச்சை.

இதுவரை அவள் என்றே எழுதிவிட்டேன்.
டிவியில் பார்த்தவர்களை வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.
சான்றிதழில் வேறு மாதிரி:
மேற்படி நபர் இன்று என் முன்பாக நேரில் தோன்றினார்,
உயிருடன் இருக்கிறார்.
கையெழுத்துப் போட்டேன்.
சீல் மை காய்ந்திருந்தது, இரண்டு தடவை அமுக்கவேண்டி வந்தது.

"ஒண்ணுகூட எடுக்கணுமா?"
"வேண்டாம். அடுத்த ஜூலைல வந்தா போதும்."
எழுந்தவரிடம்
கேட்கக் கூடாது என்றிருந்ததைக் கேட்டுவிட்டேன்:
"அந்தப் பாலில என்னதான் கலந்தீங்க?"

"எங்க பாலு? அது சுண்ணாம்புத் தண்ணி.
அந்தப் புள்ள பாவம்,
குடிக்கதுபோலக் காட்டிட்டு
தினமும் எனக்க முந்தானையிலதான் துப்பும்."

அருமனை பஸ் ஒன்று பத்துக்கு.
என் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
நாற்பத்திரண்டு, என்று கூப்பிட்டேன்.
யாரும் வரவில்லை.
எல்லோரும் ஜன்னலோரம் நின்றார்கள்,
அவர் ரோட்டைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டு.