சிதைக்கப்பட்டது

கறுப்பு விளக்கைப் போட்டதும் பார்க்கக் கூடாது.
கண் இருட்டுக்குப் பழக
ஒரு நிமிடம் என்கிறது கையேடு.
நான் மூன்று நிமிடம் நிற்பேன்.
வாளையார்க் கணவாய்க் காற்று
தகரக் கூரையின் ஒரு மூலையைப் பிடித்து
உலுக்கிக்கொண்டிருக்கும்.

கஞ்சிக்கோட்டில் எங்கள் பலகையில்
பெயரைவிட அனுமதி எண் பெரிது.
வேலந்தாவளத்திலிருந்து ஏழரை பஸ்.
எங்கே வேலை என்று கேட்டால்
ஸ்பேர்பார்ட்ஸ் கம்பெனி என்பேன்.
விமானம் என்றால் டிக்கெட் விலை கேட்பார்கள்.

மரப்பெட்டியில் வந்தது இந்த கிராங்க்‌ஷாஃப்ட்.
பயிற்சி விமானம், நாலு சிலிண்டர்.
ஓடுபாதை ஓரத்தில் புரொப்பல்லர் மண்ணைத் தொட்டுவிட்டதாம்.
கூடவே மஞ்சள் சீட்டு:
'ஓவர்ஹால் முடிந்தது.'
கையெழுத்து, கல்யாணப் பத்திரிகையில் போடலாம் போல் இருந்தது.

புத்தகத்தில் இரண்டு பத்தி.
புதிதுக்கு ஒரு அளவு,
ஓடித் தேய்ந்ததற்கு ஒரு அளவு.
நடுவே அரை மயிர் தடிமன்.
எங்கள் சம்பளமெல்லாம் அதற்குள்தான்.

இரவு முழுக்க ஒரே மேசையில் கிடந்தால்தான்
இரும்பும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டுக்கு வரும்.
காலையில் அளந்தேன்.
தேறியது.
"லிமிட்டினுள்ளில் அல்லே, சுகுணா?"
வாசலிலிருந்தே கேட்டார் தங்கச்சன்.
ஆமாம் என்றேன். அளவைத்தானே கேட்டார்.

பிறகு இருட்டறை.
காந்தம் ஏற்றி, மினுங்கும் துகள் கலந்த எண்ணெயை ஊற்றி
மெல்லத் திருப்பினேன்.
மூன்றாவது கழுத்தின் வளைவில்
பச்சையாய் ஒரு கோடு,
எறும்புக் கால் நீளம்.
துடைத்தேன்.
மறுபடி ஊற்றினேன்.
அதே இடம்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.

எண் வேறு. புதிதாய் அடித்த எண்,
ஏழு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.
விளக்கை எடுத்து எதிர் எடையின் உள்பக்கம் பிடித்தேன்.
பாதி தேய்ந்து, சுழி மட்டும் மிச்சமாய்
ஒரு 'சு'.
கழித்த சாமானில் எல்லாம்
அதிர்வுப் பேனாவால் நான் போடுவது.
விதியில் இல்லாத எழுத்து.
அதனால்தான்
தேய்த்தவன் சரியாகத் தேடவில்லை.

நாலு வருடம் முன்பு,
ஓணத்துக்கு முந்தின வெள்ளி.
சிவப்புச் சீட்டைக் கம்பியால் கட்டினேன்.
மறுபடி உதவாதபடி சிதைக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு.
ரம்பத்தின் பிளேடு காலையிலேயே ஒடிந்திருந்தது.
நாலு மணிக்கு அட்வான்ஸ் பட்டுவாடா.
பழைய இரும்புக்காரர் சைதலவியின் டெம்போ
கேட்டில் ஹாரன் அடித்தது.
ஷிபுமோன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கி
முழுசாய் ஏற்றினோம்.
கிலோ இருபத்தெட்டு ரூபாய்.
உள்ளே வந்து
'சிதைக்கப்பட்டது' என்ற கட்டத்தில்
டிக் போட்டேன்.
பேனா எழுதவில்லை. உதறிவிட்டு,
மறுபடி போட்டேன்.

கம்பியை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பறப்புப் பதிவேடு பெட்டியிலேயே இருந்தது.
அறுநூற்றுப் பன்னிரண்டு மணி.
யாரும் விழவில்லை.
மாணவர்கள் பெயர் பக்கம் பக்கமாய்,
சிலது இனிஷியல் மட்டும்.
ஒரு பெண், மூன்று பக்கத்துக்குப் பிறகு
தனியாய்ப் பறந்திருக்கிறாள், இருபத்தைந்து நிமிடம்.
அந்த இருபத்தைந்தை
எந்தப் பத்தியில் எழுதுவது?

தங்கச்சன் கேட்டுக்கொண்டார்.
ஒன்றும் சொல்லாமல் இரண்டு டீக்குச் சொன்னார்.
டீ வந்தபின்,
"பழைய ரிஜிஸ்டர் அவர்களிடம் போகணுமா?"
போகணும் என்றேன்.
"உன் டிக் அதில் இருக்கே."
அதற்காகத்தான் என்றேன்.
ஆறிய டீயில் ஆடை படிந்தது. எடுத்துப் போட்டார்.

இயக்குநரகப் படிவம், நாலு பக்கம்.
பழைய எண். புது எண். தேதி.
'அறிக்கை தருபவர்' கட்டத்தில் என் பெயர்.
'குறைக்குக் காரணமானவர், தெரிந்தால்' கட்டத்தில்
மஞ்சள் சீட்டுக்காரன் பெயர்,
அதற்கும் மேலே
மறுபடி என் பெயர்.

ரம்பம் இன்று நன்றாயிருக்கிறது.
போன மாதம்தான் புது பிளேடு.
ஐந்து துண்டு, இருபது நிமிட வேலை.
ஆனால் இன்று வெட்டக் கூடாது.
இன்று அது சான்று.
எண்ணெய் பூசி, துருப் பிடிக்காமல்
பத்திரமாய் வைக்க வேண்டும்.

கம்பிக் கூண்டில் வைத்துப் பூட்டினேன்.
பூட்டை இழுத்துப் பார்த்தேன்.
பஸ் வரை போய்,
திரும்பி வந்து
இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.