எழுபது சொல்லுக்குள்

பலகைக்கு எழுபது சொல். அதற்குமேல்
வெயிலில் நின்று யாரும் வாசிக்கமாட்டார்கள் என்றார்கள்.
மொத்தம் பதினெட்டுப் பலகை, பாதிக் காசு முன்பணம்.
கால்யாரியில் பேருந்து ஏறி வந்து இறங்கினேன்.
சார்தீனியாவின் தென்மேற்கு மூலை.
சா மேனா ஈயச் சுரங்கம்.
மூடி இருபத்தாறு வருடம்.

முதல் வைத்தியம் துருவுக்கு.
தூக்குக் கோபுரத்தின் உச்சியில் மூன்று பேர்
நிறமில்லாத மெழுகு தடவுகிறார்கள்.
துரு தெரிய வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது.
ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்
பூசாத மாதிரியும் இருக்கணும் என்பார்களே,
ஈயத்தின் சொந்த ஊரிலேயே பார்த்துவிட்டேன்.

கழிவு மேட்டுக்கு மண் போர்த்தி
மண்ணுக்குப் புல் போர்த்தி
புல்லைச் சுற்றி வேலி. ஆடு மேயக் கூடாது, ஈயம் ஏறியிருக்கும்.
(நான்காம் பலகை. இருபத்து மூன்று சொல்.)
செம்மறிகள் பலகை படிப்பதில்லை.

சம்பளப் பேரேட்டில் ஆண்களுக்குப் பெயர் உண்டு.
கழுவுகூடத்தில் தாது பொறுக்கியவர்களுக்கு ஒரே வரி:
பெண்கள், முப்பத்தொன்று.
அவர்களைத் தேடிப் பிடிப்பது என் ஒப்பந்தத்தில் இல்லை.
பதினேழு பேர் கிடைத்தார்கள்.
கிரேக்கா, விதாலியா, ரைமொந்தா, இரண்டு போனாரியா...
குடும்பப் பெயரோடு முப்பத்து நான்கு சொல்லைத் தின்றுவிட்டார்கள்.
குழு அடித்தது. மறுபடி எழுதினேன்.
மறுபடி அடித்தது.
அந்தப் பலகை இன்னும் காலி.

வாசலில் சீட்டுக் கிழிப்பவர் பிரியாமோ கொகோனி.
மூன்றாம் தளத்து நீரிறைப்பான் முன்பு அவர் பொறுப்பு.
கடைசி நாள் மேலே ஏறி வந்து, பொறியாளர் தலையசைக்க,
விசையை இறக்கினார்.
இறக்கியபிறகுதான் ஞாபகம்:
மேல்சட்டை கீழே ஆணியில்,
சட்டைப்பையில் வீட்டுச் சாவி.
கூண்டு இனி இறங்காது.
அன்றிரவு தன் வீட்டுப் பூட்டைத் தானே உடைத்தார்.
மனைவி டார்ச் அடித்தாள், திட்டிக்கொண்டே.
இப்போது கதவில் வேறு பூட்டு.
நூறு மீட்டர் தண்ணீருக்கடியில் அந்தச் சாவி
இல்லாத பூட்டுக்குக் காவல் இருக்கிறது.

இதை எந்தப் பலகையில் வைப்பது?

திறப்பு நாள். பேச்சு, பேண்டு, இலவசத் தொப்பி.
ஒரு சிறுமி சக்கரத்தைச் சுற்றி, தாது வண்டியில் ஏறி,
விளக்கறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"சுரங்கம் எங்கே?"
கம்பிவலை போட்ட குழிவாயைக் காட்டினோம்.
உள்ளே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.
அழுதுவிடுவாளோ என்று அப்பா ஒரு காசு கொடுத்தார்.
போட்டாள்.
ஒன்று,
இரண்டு,
மூன்று,
நான்கு எண்ணியபின் கீழே ஒரு "டொப்".
அவ்வளவுதான். கூட்டம் வரிசை கட்டிவிட்டது.

ஐம்பது சென்ட் காசில் கொஞ்சம் துத்தநாகமும் உண்டு.
பிரியாமோ வலையருகே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.
"அத்தனை வருடம் மேலே ஏற்றினோம்,
இன்றைக்குத்தான் கீழே இறங்குகிறது.
இந்த வேகத்தில் கணக்கு நேராக எத்தனை ஞாயிறு ஆகும்?
படித்தவள்தானே, போட்டுச் சொல்."

ஆறு மணி.
அந்தக் காலத்தில் இறங்குகிறவன்
தன் பித்தளை வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான்.
ஒரு வில்லை தொங்கினால் ஒருவன் உள்ளே.
இப்போது சீட்டு.
உள்ளே போனது இருநூற்றுப் பதினான்கு.
வெளியே வந்தது இருநூற்றுப் பதின்மூன்று.
மதில் இடுப்பளவு, தாண்டிப் போயிருப்பார்கள்,
இது பூங்கா ஐயா, என்றான் மேலாளன், கார்ச்சாவியை ஆட்டியபடி.
பிரியாமோ டார்ச்சை எடுத்தார்.

தாது வண்டிகளுக்குள் அடித்துப் பார்த்தார்.
கழிப்பறைக் கதவுகளைத் தட்டினார்.
வேலிக்குள் இரண்டு ஆடு, அவை கணக்கில் இல்லை.
கடைசியில் கழுவுகூடத்துப் படியில்,
காலிப் பலகையின் கீழே உட்கார்ந்து
விரல் விட்டுச் சொல் எண்ணிக்கொண்டிருந்தவளின்
முகத்தில் விழுந்தது வெளிச்சம்.

காலையில் நானும் நான்கு யூரோ கொடுத்திருந்தேன்,
யாரும் கேட்காமலே.

ஒன்றும் பேசாமல் கை நீட்டினார்.
சீட்டைக் கொடுத்தேன். கிழித்தார்.
"சரி, எல்லாரும் ஏறியாச்சு" என்றார்
என்னைப் பார்க்காமல்,
குழிவாய்ப் பக்கம் திரும்பி.