மூன்றாவது தேத்தண்ணி

ஞாயிறு மூன்று மணிக்கு எங்கள் கடை காலி.
மத்தியானச் சோறு முடிந்து
கொத்துக் கல் சூடேற முன்னம்
கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில்
இரண்டு பெண்கள் வந்திருப்பார்கள்.

ஒருத்தி துயெட். மேகோங் ஆற்றுப் பக்கம்.
பெயருக்குப் பனி என்று அர்த்தமாம்.
பனியை அவள் கண்டது
வெள்ளவத்தை மீன்காரனின் ஐஸ் பெட்டியில்.
மற்றவள் பெய்-ருங், தாய்வான்.
இரத்மலானையில் தையல் மெஷின் பழுது பார்க்கிறவள்.
கை விரல்களில் எப்போதும் எண்ணெய்.

முதல் மாதம் முழுக்க ஒரே சொல்: மா.
துயெட் அதை ஏற்றிச் சொன்னால் அம்மா.
சட்டென்று அமுக்கினால் நாற்று.
சமனாக விட்டால் பேய்.
பெய்-ருங்கின் ஊரில் சமனாக விட்டால்தான் அம்மா,
ஏற்றினால் சணல்,
பள்ளத்தில் இறங்கி எழும்பினால் குதிரை.
ஒருத்தியின் தாய் மற்றவளுக்குப் பேய்.
இவள் தாய் அவளுக்குச் சணல்.
கரையோர ரயில் போகும்போது
எல்லாம் ஒரே இரைச்சல்.

காசு மேசையில் இருந்த எனக்குப் பொறுக்கவில்லை.
எழும்பிப் போய்ச் சொன்னேன்:
எங்களுக்கும் மா இருக்கிறது.
இடியப்பம் பிழிகிற மா. பழம் தருகிற மா.
பழைய பாட்டுகளில் குதிரையும் மா.
ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

அப்படியென்றால் எது எதென்று எப்படித் தெரியும்,
சிங்களத்தில் கேட்டாள் துயெட்.
வாயில் போட்டால் தெரியும் என்றேன்,
நானும் சிங்களத்தில்.

மூன்று பேருக்கும் பொதுவாய்க் கிடந்தது அதுதான்.
அவர்கள் அதைப் பொறுக்கியது தையல் வரிசையில்,
பெட்டைகளின் சிரிப்புக்கு நடுவில்:
ஹரி, எபா, தவ டிகக்.
நான் படித்தது சோதனைச் சாவடியில்.
முதற் பாடம் அடையாள அட்டை.
இரண்டாம் பாடம் எங்கே போகிறாய்.
மூன்றாம் பாடம், தயங்காமல் பதில் சொல்வது.
இத்தனை வருசத்தில் அந்தப் பாஷையில்
நான் விட்ட முதற் பகிடி
அந்த மாவைப் பற்றியது.

பெய்-ருங்கின் தம்பி பெண்சாதி வியட்நாம்காரி.
பதினொரு வருசம்,
வருசப் பிறப்புக்கு வருசப் பிறப்பு ஒரே மேசை.
அவள் எங்கள் பாஷையைப் படித்துவிட்டாள்,
அதனால் எங்களுக்குத் தேவைப்படவில்லை
என்றாள் பெய்-ருங்,
வடையின் துளைக்குள் விரலை விட்டுக்கொண்டு.
ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம்:
சாப்பிட்டாயா.

அதற்கே மூன்று ஞாயிறு போனது.
முதலில் உறவைத் தீர்க்க வேண்டும் என்றாள் துயெட்.
அவள் பாஷையில் எல்லோரிடமும் சொல்ல ஒரே நான் இல்லை;
எதிரே இருக்கிறவளைப் பார்த்துத்தான் நான்.
பில் கடதாசியின் பின்பக்கம் எழுதினார்கள்.
எழுத்துக்கு மேல் கூரை, பக்கத்தில் கொக்கி,
சிலதுக்கு அடியில் ஒரு புள்ளி.
எங்கள் புள்ளி தலையில் இருக்கும் என்றேன்.
யாரும் கவனிக்கவில்லை.

நாலாம் ஞாயிறு மூன்றரை.
அங்கே ஆறு மணி, உலை கொதிக்கிற நேரம்.
போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.
எம் அன் கம் சுவா?

ஒன்றும் இல்லை.
தண்ணீர்க் குழாயை யாரோ மூடுகிற சத்தம்.
பிறகு வந்தது பார்,
மூச்சு விடாமல், ஏறி இறங்கி,
மதகு திறந்த மாதிரி.
பெய்-ருங்குக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.
துயெட்டைப் பார்த்தாள்.
துயெட் கண்ணாடிக் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன சொல்கிறாள்?
மீன் விலை சொல்கிறாள்.
இன்னும்?
இன்னும் மீன் விலைதான். கதைக்க விடு.

கொத்துக்காரன் வந்து தகடுகளை எடுத்தான்.
பொறு என்று கை காட்டினேன்.

பில்லில் மூன்று தேத்தண்ணி என்று எழுதினேன்.
மூன்றாவது என்னுடையது.
பெய்-ருங் கணக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
காசை வைத்தாள்.
பிறகு மிச்சக் காசு கேட்டாள்,
தமிழில்,
ச்ச-வை மட்டும் கொஞ்சம் ஏற்றி.