கொடி ஏற்றிய நாட்கள்

மூன்று நாளுக்கு ஒரு தரம்
பால் டேங்கரோடு இந்த வழி வருவேன்.
ஃப்ரீஸ்லாந்தின் வடக்கு ஓரம்,
கடலணைக்கு இந்தப் புறம்
இரண்டு பண்ணைகள், நடுவில் ஒரு வாய்க்கால்.

வாய்க்காலைத் தூர்வாரியது யார்,
வாரிய சேற்றை யார் கரையில் கொட்டியது
என்று தொடங்கிய பேச்சு
ஏழு வருடமாக நின்றுபோய்க் கிடக்கிறது.
ஹில்ட்யா அவன் பெயரைச் சொல்வதில்லை,
"அந்தக் கரை" என்பாள்.
வீப்ரன் அதையும் சொல்வதில்லை.

ஆனால் அவள் வீட்டுக் கொடி
(நான்கு கம்பி, இரண்டு இரும்புக் கால்,
ஒன்று மாடு உரசி உரசிச் சாய்ந்தது)
அவன் டிராக்டர் இருக்கைக்கு நேராகத் தெரியும்.
விரிப்புகள் ஏறியிருந்தால்
சாணிக்கரைசல் வண்டி அன்று கொட்டகையை விட்டு நகராது.
காற்று மேற்கிலிருந்து.
மேற்கில் அவன் வயல், கிழக்கில் அவள் துணி.
நிறுத்தச் சொல்லி யாரும் கேட்டதில்லை,
நிறுத்தினேன் என்று யாரும் சொன்னதுமில்லை.

உள்ளாடைகள் நடுக்கம்பியில்.
சாலைக்குத் தெரிவது
விரிப்பும் மேசைத்துணியும்
மகன் யோரிட்டின் நீல அங்கிகளும்தான்,
கவிழ்த்துப் போட்டவை, கால் மேலே,
பைக்குள் எப்போதும் மறந்துபோன ஒரு ஸ்பேனர்
நெஞ்சுப் பக்கம் தொங்க.

ஆகஸ்ட் இருபத்திரண்டு: கொடி நிறையத் துணி.
இருபத்தைந்து: அதே துணி.
நடுவே இரண்டு மழை பெய்து
இரண்டு தரம் காய்ந்திருந்தது.
ஒரு தலையணை உறை
ஒற்றை கிளிப்பில் சுற்றிச் சுற்றி
கயிறாகிவிட்டது.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல்,
ராத்திரி ஆம்புலன்ஸ், லேவார்டன் ஆஸ்பத்திரி
என்றான் யோரிட், குழாயைக் கழற்றியபடி.
நூற்றிப்பத்து மாடு கறக்கிறான்.
ஒவ்வொன்றின் காது எண்ணும் மனப்பாடம்.
தலைக்குமேல் தொங்கும் துணிக்குக் குனிந்து
அடியில் புகுந்து போகிறான்.

இருபத்தெட்டு.
வீப்ரன் என் வண்டிச் சன்னலில் வந்து நின்றான்.
மாதம் முடிந்தால் வயலில் கரைசல் விட அனுமதியில்லை,
குழி கழுத்துவரை நிரம்பியிருந்தது.
அதையெல்லாம் அவன் சொல்லவில்லை.
"துணி எடுக்க ஆளில்லையா?" என்றான்
என்னைப் பார்க்காமல்.
கல்லைப் பற்றிச் சொன்னேன்.
தொப்பியைக் கழற்றினான்,
உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்தான்,
மறுபடி போட்டுக்கொண்டான்.

முப்பத்தொன்று.
தொலைவிலேயே மூக்கு சொல்லிவிட்டது.
அவன் வயலில் டிராக்டர்
விளக்கைப் போட்டுக்கொண்டு பகலிலேயே ஓடியது.
கொடி மொட்டை.
அவள் பால் அறை வாசலில் கூடை,
அதில் விரிப்புகள்,
தீவனக் குவியல் மூடும் தார்ப்பாயை மடிப்பார்களே,
மூலைக்கு மூலை, நடுவில் முழங்காலால் ஒரு அழுத்து,
அப்படி.
கிளிப்புகள் மடி துடைக்கும் வாளியில்.
நடுக்கம்பித் துணிகளை மட்டும்
தொடாமல் விட்டிருந்தான்.
அவை அங்கேயே ஆடிக்கொண்டிருந்தன,
கரைசல் நாற்றத்தை முழுவதும் வாங்கிக்கொண்டு.

வாய்க்காலில் பலகை போட்டு வந்தானாம்.
மாலைக்குள் பலகையையும் எடுத்துவிட்டானாம்.

செப்டம்பர் பன்னிரண்டு.
ஹில்ட்யா திரும்பியிருந்தாள்,
வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி
மறு கையால் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள்.
எல்லாவற்றையும் மறுபடி வெளுத்திருந்தாள்.
எல்லாம் போயிற்று, ஒரு கறை தவிர:
தலையணை உறையின் ஓரத்தில் பழுப்பாக
ஒரு பெருவிரல் ரேகை.

அந்த உறையைக் கொடியின் கடைசியில்
அந்தக் கரையைப் பார்க்க மாட்டியிருந்தாள்.
புகாரா, வேறெதாவதா
என்று கேட்க எனக்கு வாயில்லை.
"இடது கையால் மடிப்பவன்," என்றாள்,
கிளிப்பைப் பல்லில் கடித்தபடி,
"எனக்கு இது தெரியாது."

குழாயைப் பொருத்தினேன்.
டேங்கில் பால் நாலு டிகிரி.